நொடிக்கு எண்பத்து மூன்று லிட்டர்

போன வாரம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஸ்நேஹல் என்ற இளம் பெண் பொறியாளர். அணையிலிருந்து யாருக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறோம் என்ற அட்டவணையைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாராம். பேச்சு மராட்டியில் நடந்தது. தமிழில் தருகிறேன், பெரியவர்களைக் கூப்பிடும் ‘காகா’வை மட்டும் அப்படியே விட்டு.

“காகா, ஒரு சந்தேகம். கோடையில ஆத்துக்கு நொடிக்கு எண்பத்து மூணு லிட்டர்னு போட்டிருக்கு. இந்தப் புது ஃபாரத்துல பத்துப் பத்தாத்தான் ஏறுது. எண்பதுன்னு போட்டுடட்டுமா?”

“மிச்சம் மூணு லிட்டர் எங்கே போகும்?”

“வெறும் மூணு லிட்டர்தானே காகா!”

“நொடிக்கு மூணு. ஒரு நாளைக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு நொடி. ரெண்டு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து இருநூறு லிட்டர்.”

அவர் சிரித்தார். பிறகு, “அந்த எண்ணை யார் கண்டுபிடிச்சாங்க? ஃபைல்ல காரணமே இல்லையே” என்றார்.

ஃபைலில் இருக்காது. அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது என் தவறிலிருந்து வந்த எண். அன்று தொலைபேசியில் பாதிதான் சொன்னேன். முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து புனே தோட்டாத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, டிப்ளமோ படித்து, நீர்ப்பாசன வேலையில் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகள் கால்வாய் மண்ணை அளந்தேன். நான்கு ஆண்டுகள் மழைமானிகளைப் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு, நகரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் அணையின் நீர்க்கணக்கு என் பொறுப்பில் வந்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். தினமும் என் வீடு இருந்த விஷ்ராந்த்வாடியிலிருந்து இரண்டு பஸ், பிறகு ஒரு ஜீப்.

அணையின் அடியில் ஆற்று மதகு ஒன்று உண்டு. பெரிய இரும்புக் கதவு. கதவின் ஓரத்தில் நீர் கசியாமலிருக்க ரப்பர் பட்டை வைத்திருப்பார்கள். நான் சேர்ந்தபோதே அந்தப் பட்டை நைந்து, கதவின் இடது பக்கம் நீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. அது ஒரு ஓடையாகி, வி வடிவில் வெட்டிய இரும்புத் தகடு ஒன்றின் வழியாகப் போய் ஆற்றில் விழும். தகட்டின் மேல் எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் நீர் வழிகிறது என்று பார்த்தால், எத்தனை லிட்டர் போகிறது என்று சொல்லிவிடலாம். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பார்ப்பேன். அணை நிறைந்திருக்கும் மாதங்களில் நொடிக்கு நூற்றுப்பன்னிரண்டு லிட்டர், மே இறுதியில் ஐம்பத்தெட்டு. ஒன்பது ஆண்டுகள் பார்த்துச் சராசரி எடுத்தேன். முப்பத்திரண்டரை சென்டிமீட்டர், எண்பத்து மூன்று லிட்டர்.

தண்ணீர் வீணாவதை என்னால் தாங்க முடியாது. ரப்பரை மாற்றச் சொல்லி மாதம் ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பது ஆண்டுகளில் நூற்றெட்டு. கடைசிக் கடிதத்தை எழுதி முடித்த அன்று என் மனைவி, “இன்னாங்க, அஷ்டோத்தரம் முடிஞ்சிட்ச்சா? சாமி கண்ணத் தொறந்துச்சா?” என்று கேட்டாள்.

திறந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் மழை குறைவாகப் பெய்து, நகரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்த கோடையில், என் நூற்றெட்டாவது கடிதத்துக்கு அனுமதி கிடைத்தது. ஏப்ரல் தொடக்கத்தில் புதுப் பட்டை போட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தகட்டுக்கு முன்னால் போய் நின்றேன். தகடு காய்ந்திருந்தது. பதிவேட்டில் ‘கசிவு’ என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன். ஒன்பது ஆண்டில் முதல் பூஜ்யம். அலுவலகத்தில் பதினாறு பேருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தேன்.

பத்தொன்பதாம் நாள் ஒரு பெண் வந்து, தகட்டுக்குப் பக்கத்திலிருந்த அளவுக் குடிசையின் வாசலில் உட்கார்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் சகுபாய். அணைக்குக் கீழே நான்கு கிலோமீட்டரில் இருந்த மீனவக் குடியிருப்பைச் சேர்ந்தவள்.

“தண்ணிய நிறுத்துனது யாரு?” என்றாள்.

“எந்தத் தண்ணியை?”

“ஆத்துத் தண்ணிய.”

“ஆத்துக்கு நாங்க தண்ணியே விடலியே. மதகு வருஷம் பூரா மூடித்தான் இருக்கு.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப இத்தனை வருஷம் வந்தது என்ன, உன் வேர்வையா?”

கதவை இயக்கும் கலாசி பபன்ராவ் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து, “அண்ணா, பேடா கொடுத்தியே, அந்தத் தண்ணிதான்” என்றார். மராட்டியர்கள் எந்தத் தமிழனையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சகுபாய் என்னை வரச் சொல்லி முன்னால் நடந்தாள். ஆற்றின் படுகையிலேயே நடந்தோம். பத்தொன்பது நாட்களுக்கு முன் அங்கே கணுக்காலளவு நீர் ஓடியிருக்க வேண்டும். இப்போது மண். பாறை இடுக்குகளில் வற்றிப்போன குழிகள், குழிகளில் காய்ந்த மீன்கள். நான் எண்ணிக்கொண்டே போனேன். நூற்று முப்பத்தேழு. எண்ணாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

அவர்கள் ஊருக்கு எதிரில் ஆறு ஆழமான மடுவாக இருந்தது. ஒரு கிலோமீட்டர் நீளம். கரையிலிருந்து கல் படிக்கட்டு இறங்குகிறது. மொத்தம் பதினான்கு படிகள். பதினான்கும் வெளியே தெரிந்தன. சகுபாய் கடைசிப் படியில் போய் நின்றாள்.

“ஏப்ரல் மாசம் ஒம்பது படி வெளிய இருக்கும். அஞ்சு உள்ள இருக்கும். இந்தப் படிய நான் கால்ல தொட்டிருக்கேன். கண்ணால பார்த்ததில்ல.”

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஹோலி முடிந்தால் மடுவில் யாரும் வலை போடக்கூடாது. மழைக்காலத்தின் முதல் செந்நீர் வந்த பிறகுதான் போடலாம். கோடை முழுக்க ஆற்றின் மீன்கள் அந்த மடுவில் ஒதுங்கியிருக்கும். வெள்ளம் வந்ததும் ஓடைகளில் ஏறி முட்டையிடும். அந்த வருடத்துக்கான மீன் அதிலிருந்து வரும். நாற்பத்திரண்டு வீடுகள் அதை நம்பியிருந்தன. மூன்று மாதம் பட்டினி கிடந்தாலும் அந்த மீனைத் தொட மாட்டார்கள். நான் தொடாமலேயே அதைக் கொன்றுகொண்டிருந்தேன்.

கையோடு கொண்டுபோன அளவுகோலைப் பரிசலிலிருந்து இறக்கிப் பார்த்தேன். மிக ஆழமான இடத்தில் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். ஒரு படியின் உயரம் பத்தொன்பது சென்டிமீட்டர். ஐந்து படிகள், பத்தொன்பது நாட்கள். நாளுக்கு ஐந்து சென்டிமீட்டர் இறங்குகிறது.

“எவ்வளவு வரைக்கும் மீன் தாங்கும்?” என்று கேட்டேன்.

அவள் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினாள். “இதுக்குக் கீழ போனா வெந்துபோகும்.”

அவள் இடுப்பு எண்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஆக, இருபத்தாறு நாட்களுக்குத்தான் நீர் இருக்கிறது. மழை வர நாற்பத்தைந்து நாளாவது ஆகும். இடையில் பத்தொன்பது நாள் பள்ளம். நான் கசிவை அடைத்து ஆன நாட்களும் அவ்வளவுதான்.

அன்று மாலை வீட்டில் மறுபடி காகிதத்தை எடுத்தேன்.

“நூத்தி ஒம்பதாவது லெட்டரா? அதான் அடைச்சிட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்கு?” என்றாள் மனைவி.

“திறக்கச் சொல்லி” என்றேன். காபி மட்டும் இரண்டு தடவை வந்தது.

எங்கள் செயற்பொறியாளர் பாகவத் சாஹேபின் அலுவலகம் புனேயின் கேம்ப் பகுதியில் இருந்தது. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த ஃபைலையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். ‘முடிவை எழுதின பிறகுதான் எல்லாரும் காரணம் தேடறான், நானும் அதே வழியில போறேன்’ என்பார். கையில் எப்போதும் பென்சில் இருக்கும். ‘மிகவும்’, ‘உடனடியாக’, ‘பரிதாபமாக’ என்று எதை எழுதியிருந்தாலும் மெல்லிய கோடு இழுத்துவிடுவார். பிடிக்காத ஃபைலில் ‘முடியாது’ என்று எழுத மாட்டார். பச்சை மையில் ‘பேசவும்’ என்று எழுதி அனுப்புவார். போய்ப் பேச வேண்டும். எண்ணைச் சொல்லும்வரை உட்காரச் சொல்ல மாட்டார்.

ஐந்தாம் நாள் என் ஃபைல் திரும்பி வந்தது. ‘பேசவும்.’

போனேன். பதிவேட்டையும் எடுத்துப் போயிருந்தேன். என் குறிப்பில் பதினொரு சொற்களில் பென்சில் கோடு விழுந்திருந்தது.

“மணி, எவ்வளவு?” என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

“நொடிக்கு எண்பத்து மூணு லிட்டர் சார். மழை வர்ற வரைக்கும்.”

“உட்காரு. எந்தக் கட்டத்துல எழுதுவ?”

பதிவேட்டில் நீர் வெளியே போக ஐந்தே வழிகள் இருந்தன. பாசனம், குடிநீர், தொழிற்சாலை, ஆவியாதல், கசிவு. ஆற்றில் கட்டிய அணைதான். ஆனால் ஆறு என்று ஒரு கட்டம் கிடையாது.

“நகரத்துல ஜனங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடத்தோட நிக்கறாங்க. நீ மீனுக்குத் தண்ணி விடறேங்கற. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்லட்டும்? மணிக்கு மனசு கேக்கலைன்னா?”

அவர் ஃபைலைக் கடைசியிலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டே போனார். என் கடிதங்களின் நகல்களை எல்லாம் தாண்டி, போன அக்டோபர் மாத நீர்ப் பங்கீட்டுத் தாளில் நிறுத்தினார். மழை முடிந்ததும் அணையில் உள்ள நீரை வருடம் முழுவதற்கும் பங்கு பிரித்து எழுதும் தாள் அது. பென்சில் முனையை ஒரு வரியில் வைத்தார்.

“இது யார் போட்ட வரி?”

“நான்தான் சார்.”

கசிவால் இழப்பு, நொடிக்கு எண்பத்து மூன்று லிட்டர். ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த அளவைக் கழித்துவிட்டு மீதியைத்தான் நகரத்துக்கும் வயலுக்கும் பிரிப்போம். அந்த வருடமும் அப்படியே கழித்திருந்தேன். ரப்பர் போட்ட பிறகு அதைத் திரும்பச் சேர்க்க எனக்கே தோன்றவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் இதை விட்டுவிட்டேன்.

சாஹேப் நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப இந்தத் தண்ணி நகரத்தோட பங்குல இல்ல. வயலோட பங்குலயும் இல்ல. தொலைஞ்சதுன்னு ஏற்கெனவே எழுதியாச்சு. தொலைஞ்சு போனத யாரு வந்து கேக்கப் போறான்?”

“அப்படின்னா கசிவுன்னே எழுதிடலாமா சார்?”

கேட்ட வாய்க்குள்ளேயே எனக்குக் கசந்தது. கதவு கசியவில்லை. கசிகிறது என்று எழுதினால் அது பொய். அதை அவர் என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும்.

“உனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது” என்றார். “பதிவேட்டக் கொடு.”

அடிக்கோலை வைத்து, ஐந்தாவது கட்டத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஓரத்தில், மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். தலைப்பில் ‘ஆற்றுக்கு’ என்று மராட்டியில் எழுதினார். பச்சை மையில் கீழே கையெழுத்து. பிறகு என்னைப் பார்த்து ஒரு விரலை நீட்டினார்.

“எண்பத்து நாலு ஆச்சுன்னா மூடிடுவேன்.”

கதவைத் திறந்து அந்த அளவு விட முடியாது. அவ்வளவு பெரிய கதவை நான்கு விரல் தூக்கினாலே பல மடங்கு நீர் பாயும், கதவும் அதிரும். வழி சொன்னவர் பபன்ராவ். அணை கட்டும்போது, கீழே ஒரு பூங்கா வைப்பதாகச் சொல்லி, அதற்காக எட்டு அங்குலக் குழாய் ஒன்றை அணையின் அடியில் பதித்திருந்தார்கள். பூங்கா வரவில்லை. குழாயின் வாய் பழைய கசிவு ஓடையில்தான் திறந்தது. குழாயின் வால்வை இருபத்திரண்டு ஆண்டுகளாக யாரும் தொட்டதில்லை.

“திறக்கும் அண்ணா. திறக்கறது என் பொறுப்பு. மூடறதுதான் ஆண்டவன் பொறுப்பு” என்றார்.

அவர் சொன்னது விளையாட்டில்லை. அந்தக் குழாய்க்கு முன்னால் வேறு கதவு கிடையாது. திறந்த வால்வு மூடாமல் போனால், நகரம் குடத்தோடு நிற்கும் கோடையில் அணையை நான் ஓட்டையாக்கியவனாவேன். வேலை போகும். அதைவிட, நீர் போகும். மூன்று நாள் பபன்ராவ் அந்த வால்வின் திருகில் மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, துடைத்து, மறுபடி ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று சும்மா இல்லாமல், “உடைஞ்சிடாதே?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, இது பதிமூணாவது தடவ.”

“பதினொண்ணு.”

“அப்ப இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு. கேட்டு முடிச்சிடு.”

சகுபாய் வந்த பன்னிரண்டாம் நாள் காலை, சக்கரம் முனகிக்கொண்டு நகர்ந்தது. முதலில் அரைச் சுற்றுத் திறந்து உடனே மூடச் சொன்னேன். மூடியது. மறுபடி ஒரு சுற்று, மறுபடி மூடல். அதுவும் சரி. அதன் பிறகுதான் மேலே சுற்றச் சொன்னேன். பபன்ராவ் சுற்ற, நான் தகட்டின் முன் உட்கார்ந்து அளவைக் கத்தினேன். பதினொன்றரைச் சுற்றில் நீர் முப்பத்திரண்டரை சென்டிமீட்டரில் நின்றது. எண்பத்து மூன்று.

காய்ந்த படுகையில் நீர் ஓடவில்லை, ஊர்ந்தது. மணல் குடித்தது, பிறகு கொஞ்சம் முன்னால் போனது, மறுபடி மணல் குடித்தது. நான் பகலில் அதன் முனையோடு நடந்தேன். சில மணி நேரம் கழித்துச் சகுபாயும் எதிரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். ஓரிடத்தில் முனை ஒரு பாறைக்குழிக்குள் போய் நாற்பது நிமிடம் வெளியே வரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“நீ பார்த்தா சீக்கிரம் வருமா? உட்காரு” என்று பாதி ரொட்டியை நீட்டினாள்.

நான்கு கிலோமீட்டரைக் கடக்க ஐம்பத்து மூன்று மணி நேரம். மடுவை நீர் தொட்டபோது அங்கே ஆழம் ஒரு மீட்டர் நாற்பது. அன்றோடு இறக்கம் நின்றது. அடுத்த நாள் இரண்டு சென்டிமீட்டர் ஏறியது. அளந்ததில் பிழை என்று சந்தேகப்பட்டு மூன்று தடவை அளந்தேன். நீர் மடுவைத் தொட்ட முப்பதாம் நாள், மழை மேகம் மலையில் நின்ற ஒரு சாயங்காலம், பதினான்காவது படியின் அடிவிளிம்பை நீர் தொட்டது. ஈரக் கல்லைச் சகுபாய் கையால் தடவிப் பார்த்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. “இனிமே எதையாவது அடைக்கணும்னா என்கிட்ட வந்து கேட்டுட்டு அடை” என்றாள். சரி என்றேன். ஓய்வு பெறும்வரை அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

ஜூலையில் ஓடைகளில் மீன்குஞ்சுகளைக் காட்டுவதற்கென்று என்னைக் கூட்டிப்போனாள். ஒரு சாண் சதுரத்தில் எத்தனை என்று எண்ணிப் பெருக்கலாம் என்று குனிந்தேன். “நிழல் விழுது, ஓடிடும், நகரு” என்று விரட்டினாள். அறுபதுவரை எண்ணியிருந்தேன்.

அந்த அக்டோபர் கூட்டத்தில் பாகவத் சாஹேப் ஒரு சொற்பொழிவும் செய்யவில்லை. பங்கீட்டுத் தாளில் ‘கசிவு’ வரியில் இருந்த எண்ணை அப்படியே ஒரு வரி கீழே இறக்கி ‘ஆற்றுக்கு’ என்று எழுதினார். மொத்தம் மாறவில்லை. மொத்தம் மாறாததால் யாரும் கேட்கவில்லை. ஃபைலில் காரணம் இல்லாமல் போனது அப்படித்தான். சில ஆண்டுகள் கழித்து அச்சடித்து வந்த பதிவேட்டிலேயே ஆறாவது கட்டம் இருந்தது. அடிக்கோல் தேவைப்படவில்லை. அதற்குள் சாஹேப் மாற்றலாகிப் போயிருந்தார். அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தை நகலெடுத்து அவருக்குத் தபாலில் அனுப்பினேன். பச்சை மையில் ஒரு கார்டு வந்தது. ‘பார்த்தேன். கோடு என்னுடையதைவிட நேராக இருக்கிறது.’

இதில் பாதியைத்தான் ஸ்நேஹலிடம் தொலைபேசியில் சொன்னேன். எண்பது என்று எழுதுவதற்கு முன் ஒரு தடவை மடுவுக்குப் போய்ப் படிகளை எண்ணிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். போக மாட்டார் என்று நினைத்தேன். நான்காம் நாள் பகலில் அழைப்பு வந்தது. பின்னால் காற்றுச் சத்தம்.

“காகா, படிக்கட்டுல நிக்கறேன். ஒம்பது படி தெரியுது.”

“மிச்சம் அஞ்சும் உள்ளே இருக்கா? நல்லாப் பாத்தீங்களா?”

“இங்க ஒரு வயசான அம்மா உக்காந்திருக்காங்க. அஞ்சுதான், சந்தேகம்னா இறங்கிப் பாருங்கறாங்க. உங்களத் தெரியுமாம். இன்னும் எண்ணிக்கிட்டே இருக்காரான்னு கேக்கறாங்க.”

“எண்பதுன்னு போட்டா எத்தனை படி தெரியும்னு என்கிட்ட கணக்கு இல்லம்மா. அதுதான் பயமா இருக்கு.”

“எண்பது போடல காகா. பத்துப் பத்தாத்தானே ஏறுது, தொண்ணூறுன்னு குறிப்பு எழுதி அனுப்பினேன். எங்க சாஹேப் ‘பேசவும்’னு எழுதினார். போய்ப் பேசினேன். ஒத்துக்கிட்டார்.”

ஏழு லிட்டர் கூடுதல். ஒரு நாளைக்கு ஆறு லட்சத்து நாலாயிரத்து எண்ணூறு. அதை எந்த வரியிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பங்கீட்டுத் தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்திருப்பார் என்று தோன்றியது. கேட்கவில்லை.

“ஒரே ஒரு விஷயம்” என்றார் ஸ்நேஹல். “எண்பத்து மூணுக்குப் பதினொன்றரைச் சுற்றுன்னு வால்வு மேல பெயிண்ட்ல எழுதியிருக்கு. தொண்ணூறுக்கு எத்தனை?”

எனக்குத் தெரியாது. பதினொன்றரைக்கு மேல் நாங்கள் சுற்றியதே இல்லை. பபன்ராவும் இப்போது இல்லை. தகட்டின் முன் யாராவது உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நாளைக் காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன். அளவுகோலைத் துடைத்து வைத்துவிட்டேன்.